தண்ணீரில் மூழ்கிச் செத்த நாற்பது மீன்கள்

கொட்டாஞ்சேனை யேசுரட்ணத்துக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயதும் பத்து மாதமும். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் இருக்கிற ஓர் ஆய்வு நிறுவனத்தில் முப்பத்தொரு வருடமாகச் சீவன்களைப் பார்க்கிற வேலை. நிறுவனத்தின் பேர் வேண்டாம், சொன்னால் உடனே எனக்கும் ஒரு கடிதம் போடுவார்கள். பார்க்கிறது என்றால் நுணுக்குக்காட்டியால் பார்க்கிறது இல்லை. தீன் போடுகிறது, கூடு கழுவுகிறது, செத்ததை எடுத்துப் பையில் கட்டுகிறது. மற்ற நேரத்தில் கன்ரீனில் இருந்து பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்க வைக்கிறது. பகிடியில் அவரை அடிக்க அந்தக் கட்டடத்தில் ஆளில்லை. அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது அறுபது வயதில் ஓய்வு பெற்று இளைப்பாறினால் கன்ரீனில் கதிரை போட்டு, கேக் வெட்டி, ஆளுக்கொரு பற்றிஸ் கொடுத்து, நிர்வாக உத்தியோகத்தர் றஞ்சிதம் அம்மையார் போகிறவரின் பைலைத் திறந்து சபைக்கு வாசிப்பார். சேர்ந்த திகதி, பெற்ற பதவி உயர்வு, எல்லாம் வரும். எச்சரிக்கைக் கடிதம் இருக்கிற பக்கம் வந்தால் அம்மையார் லேசாக ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவுவார். சபை விளங்கிக்கொண்டு சிரிக்கும். பெரிய பெரிய ஆட்களுக்கே மூன்று நாலு இருமல் விழுந்ததை யேசுரட்ணம் கண்ணால் கண்டவர். அவருடைய பைலில் ஒன்றுமில்லை. விளக்கம் கேட்டுக்கூட ஒரு துண்டுக் கடிதம் வந்ததில்லை. படிப்பும் இல்லை, பதவியும் இல்லை, அந்தச் சுத்தமான பைல் ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து. பெண்சாதி எவ்லின் அந்த வைபவத்துக்கென்று சேலையும் எடுத்து, கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் சொல்லியும் முடித்திருந்தாள்.

இனி அந்தச் சீவன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகத்தில் எத்தனையோ லட்சம் உயிர்வகை இருக்கிறதாம். ஆனால் ஆராய்ச்சிக்காரரைக் கேட்டால் எலி, பழத்தில் மொய்க்கிற ஈ, நூல் துண்டு மாதிரி ஒரு புழு, வரிக்குதிரை போலக் கோடு போட்ட ஒரு சின்ன மீன் என்று இந்த நாலைந்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இவைக்கு மாதிரி உயிரிகள் என்று பட்டம். மற்றதெல்லாம் என்ன, தேவன் கைப்பழக்கத்துக்குச் செய்து பார்த்தவையா என்று யேசுரட்ணம் ஒருநாள் கன்ரீனில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

வரிமீன்கள் வெளிநாட்டில் இருந்து விமானத்தில் வந்தவை. அதே மீனைக் காலி வீதியில் எந்த மீன் கடையிலும் பொலித்தீன் பையில் வாங்கலாம், ஆனால் அதற்குப் பரம்பரைப் பத்திரம் இல்லை. வந்தவைக்கு இருந்தது. அவைக்கு ஏசி அறை, வடிகட்டின தண்ணீர், நேரத்துக்கு அணையும் விளக்கு. கொழும்பே கரண்ட் இல்லாமல் வெந்துகொண்டிருந்த அந்த வருடம், எவ்லின் விறகு தேடித் திரிய, யேசுரட்ணம் மீன்களின் ஜெனரேட்டருக்காகக் கான் தூக்கிக்கொண்டு டீசல் வரிசையில் இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது எவ்லின் கேட்டாளாம், மீன்கள் சுகமா என்று.

இந்த மீன்களின் சொந்தக்காரர் பேராசிரியர் கார்த்திகன். பதினாறு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து, வெள்ளவத்தையில் கடல் பார்த்த மாடி வீட்டில் இருக்கிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. எழுதி வைத்த முறையை விட்டு அரை அங்குலம் அசைய மாட்டார், அவ்வளவுதான். ஒட்சிசன் குறைந்த தண்ணீரில் மீனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. வரிமீனைத் தொட்டியில் விட்டு, ஒட்சிசனைக் குறைத்து, அது திணறுகிறதை அளந்து எழுதுவார். இப்படி ஏழு வருடம். வரிமீன் திணறுகிறது என்பதை அவர் நூறு விதமாக நிரூபித்துவிட்டார்.

மே மாத மழையில் கால்வாய் முட்டி வழிந்த ஒரு காலையில், நிறுவனத்துக் கார் நிறுத்துமிடத்தில் ஐந்தாறு மீன் நடந்து வந்தது. பொய்யில்லை, நடந்துதான் வந்தது. செவுள் மூடியின் முள்ளைச் சீமெந்தில் ஊன்றி, வாலால் தள்ளி, ஆபீசுக்கு நேரம் போய்விட்டதைப் போல அவசரமாக வந்தது. சிங்களத்தில் காவய்யா என்பார்கள், தமிழில் பனையேறி. பேராசிரியர் காரை விட்டு இறங்கி, காற்சட்டையை உயர்த்தி, அதில் ஒன்றைத் தாண்டிக் கால் வைத்து, மண்டபத்துக்குள் போனார். அங்கே அவர் அன்றைக்கு ஆற்றிய உரையின் தலைப்பு, மீன்களும் ஒட்சிசன் பற்றாக்குறையும்.

அவரைப்போல் தாண்டிப் போகாத ஆள் ஒருத்தி இருந்தாள். சுபாஷினி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து படித்து வந்தவள், வயது முப்பத்திமூன்று. வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டின அனெக்ஸில் மூன்று பேரோடு தங்கி, பின்னேரங்களில் ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் கொடுத்து, பகலில் கார்த்திகனிடம் தற்காலிக ஆய்வு உதவியாளராக இருந்தாள். பட்டமேற்படிப்புக்கு அவள் கொடுத்த இரண்டு திட்டத்தை நிறுவனத்தின் ஆய்வுச் சபை திருப்பி அனுப்பியிருந்தது. மூன்றாவதும் திரும்பினால் வேலையும் போகும், படிப்பும் போகும், ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அவள் மழையில் குந்தியிருந்து அந்த மீனை அரை மணித்தியாலம் பார்த்தாள். பிறகு மேலே போய்ப் பேராசிரியரிடம் கேட்டாள்: "சேர், திணறுற மீனையே ஏழு வருசமா பாக்குறோமே. திணறாத மீனு வாசல்ல நடந்து போகுது. அதைப் பாக்க வேணாமா?"

பேராசிரியருக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். உலகம் முழுக்க ஒரே மீனைப் பார்த்தால்தான் இங்கே ஒருவர் கண்டதை அங்கே இன்னொருவர் சரிபார்க்கலாம். வரிமீனின் ஒவ்வொரு பரம்பரை அலகும், ஜீன் என்கிறார்களே அது, எழுதி வைத்திருக்கிறது. ஆளாளுக்குத் தங்கள் ஊர்ச் சேற்றில் இருந்து ஒவ்வொரு சீவனைத் தூக்கிக்கொண்டு வந்தால் யார் சொல்வதை யாரோடு ஒப்பிடுவது? சுபாஷினி இதை மறுக்கவில்லை. ஆனால் வரிமீனிடம் இல்லாத ஒன்றை வரிமீனிடம் எத்தனை வருடம் தேடினாலும் கிடைக்காது என்றாள். கடைசியில் பேராசிரியர் இறங்கி வந்தார். நாற்பது பனையேறியில் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம், சரிவந்தால் திட்டத்தைச் சபைக்கு அனுப்பலாம் என்றார்.

நாற்பது மீனையும் யேசுரட்ணம்தான் ஹெந்தளையில் இருக்கிற மைத்துனன் செபஸ்தியனிடம் சொல்லி எடுப்பித்தார். அந்த மீனை அவருக்கு நல்லாய்த் தெரியும். கலியாணம் கட்டின வருடம், மாமியார் வீட்டில் இருந்து ஒரு டசின் பனையேறியை உயிரோடு கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டு, பெரிய பால்மா டின்னில் விளிம்பு முட்டத் தண்ணீர் விட்டு, சிந்தாமல் மூடியை இறுக்கி அடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திறந்தால் பன்னிரண்டும் மல்லாந்து கிடந்தன. எவ்லின் ஒரு கிழமை முழுக்கச் சிரித்தாள். அடுத்த முறை அரை டின் தண்ணீரும் மூடியில் நாலு ஓட்டையும். பன்னிரண்டும் துள்ளிக்கொண்டு வந்தன. இந்த மீன் மேலே வந்து வாயால் காற்றை விழுங்குகிற சாதி, அந்த வழியை அடைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும் என்று அன்றைக்கு விளங்கிக்கொண்டார்.

சுபாஷினிக்கும் தெரியும். அவள் படித்துத் தெரிந்தவள். தொட்டியில் தண்ணீருக்கும் மூடிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும் என்று தெளிவாக எழுதி வைத்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் அப்பாவின் கண் ஒபரேஷனுக்கு அவள் ஊர்ப் பக்கத்து ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. போனவுடன் பேராசிரியர் அந்த வரியைப் பேனையால் வெட்டினார். வரிமீனின் தொட்டியில் இடைவெளி இல்லை. விளிம்பு வரை தண்ணீர், மேலே கண்ணாடி மூடி, நாலு மூலையிலும் கிளிப், நடுவில் ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. அளந்த தண்ணீர் ஒரு குழாயால் வந்து மற்றதால் போகும். ஒரு மீனுக்கு ஒரு முறையும் இன்னொன்றுக்கு வேறு முறையும் வைத்தால் ஒப்பீடு கெட்டுப்போகும் என்பது அவருடைய கணக்கு.

முதல் நாள் பழக்கத்துக்காக ஒட்சிசன் நிறைந்த தண்ணீர்தான். காலை ஒன்பதரைக்கு யேசுரட்ணம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, சேர், இதுக்கு மேல கொஞ்சம் இடம் விடோணும் போல இருக்கு என்று ஒரு தரம் மெல்லமாய்ச் சொன்னார். முறைப்படி செய்யும் யேசு என்றார் பேராசிரியர், திரும்பிப் பார்க்காமல். சரி சேர் என்றார் இவர். முப்பத்தொரு வருடமாகச் சொன்ன அதே சரி சேர். கிளிப்பை ஒவ்வொன்றாக மாட்டினார்.

பதினொரு மணிக்கு மீன்கள் கண்ணாடி மூடியில் மூக்கால் முட்டத் தொடங்கின. யேசுரட்ணம் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். எழும்பிக் கன்ரீனுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தார். என்ன அண்ணே, புது மீனெல்லாம் எப்படி என்று தர்ஷன் என்ற கிளார்க் கேட்க, நீந்தப் பழகுதுகள் என்று பகிடி விட்டார். சிரித்தார்கள். திரும்பி வந்து மறுபடி ஸ்டூலில் இருந்தார். மூன்று மணிக்கு முட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வந்து நாற்பதையும் கட்டினார்.

அடுத்த நாளே பேராசிரியர் ஒரு குறிப்பு எழுதினார். ஒட்சிசன் நிறைந்த தண்ணீரிலேயே ஐந்தரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்காத மீனை வைத்து ஒட்சிசன் பற்றாக்குறையை ஆராய்வது பகிடி என்பது அதன் சாரம். ஆனால் நாற்பது சீவன் ஒரே நாளில் செத்தால் விசாரணை வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே யேசுரட்ணத்துக்கு, அவருடைய சேவையில் முதல் தடவையாக, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உமது பொறுப்பில் இருந்த மீன்கள் எப்படி இறந்தன?

எவ்லினின் முன்னால் இருந்து அவர் ஒரே ஒரு வரி எழுதினார். மீன்கள் தண்ணீரில் மூழ்கி இறந்தன.

றஞ்சிதம் அம்மையார் அதை வாசித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தர்ஷன் அதைப் போனில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினான். யேசண்ணன் போகும்போதும் பகிடியோடுதான் போகிறார் என்று பாராட்டினார்கள். வாழ்நாளில் ஒரு தடவை உண்மையை உள்ளபடி எழுதினார், அதுதான் அவருடைய பகிடிகளிலேயே உச்சம் என்று பேர் வாங்கியது. அம்மையார் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, இளைப்பாறுகிற நேரத்தில் விளையாடாமல் ஒழுங்காய் எழுதிக்கொண்டு விசாரணைக்கு வரச் சொன்னார். விளக்கம் கேட்டது பைலில் ஏறாமல் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் பேராசிரியர் கார்த்திகன். முறைப்பாடு செய்தவரும் அவர், சாட்சியும் அவர், நீதவானும் அவர். இரண்டாமவர் போனில் இருந்து கண்ணை எடுக்காத ஒரு மிருக வைத்தியர். மூன்றாவது, குறிப்பெடுக்க றஞ்சிதம் அம்மையார். ஹட்டனில் இருந்து வந்து செய்தியைக் கேட்ட சுபாஷினி, அறைக்கு வெளியே நீளப் பலகை வாங்கில் இருந்தாள்.

முடிவு முதலே தட்டச்சு அடித்து மேசையில் இருந்தது. பணியாளர் விதிமுறைப்படி நடந்தார். இறப்புக்குக் காரணம் இந்த இனத்தின் இயல்பான பலவீனம். இந்த இனம் இனிமேல் இந்நிறுவனத்தில் ஆய்வுக்கு ஏற்கப்பட மாட்டாது. கீழே யேசுரட்ணம் கையெழுத்துப் போட ஒரு கோடு. போட்டால் இவருடைய பைல் சுத்தம், பேராசிரியரின் முறை சுத்தம், எல்லாருக்கும் சுகம். குற்றவாளி மீன் மட்டும்தான், அதுவும் உயிரோடு இல்லை. சுபாஷினியின் திட்டம் அந்தக் கோட்டோடு சரி.

சைன் பண்ணும் யேசு, எல்லாருக்கும் நல்லது என்றார் பேராசிரியர். இவர் பேனையை எடுத்தார். எடுத்ததை மறைக்கத் தேவையில்லை, சேலை மடித்து வைத்திருக்கிற எவ்லினின் முகம்தான் அப்போது அவருக்கு முன்னால் நின்றது. ஆனால் அந்த ஒரு சொல் கண்ணில் குத்தியது. பலவீனம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சரி சேர் என்று சொல்லிச் சொல்லி அடக்கி வைத்திருந்த அவ்வளவு கோபமும் ஒரேயடியாக வந்தது.

"பலவீனம் எண்டு எழுதியிருக்கிறியள் சேர். கால்வாயில இருந்து ஏறி, ரோட்டால நடந்து உங்கட கார் வரைக்கும் வந்த மீன் அது. மேல வந்து காத்துக் குடிக்க விடாட்டி சாகும். அதை நாங்கள்தான் தண்ணியில தாட்டுச் சாகடிச்சனாங்கள்."

வைத்தியர் போனில் இருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. இது உமக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். கலியாணம் கட்டின வருடத்தில் இருந்து தெரியும் என்றார் யேசுரட்ணம்.

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் மூடினீரா?"

"ஓம் சேர். தெரிஞ்சுகொண்டுதான் மூடினனான்."

பேராசிரியரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மீனின் பலவீனம் என்று எழுதினால் நாளைக்கு வெளிநாட்டில் இருந்து யாராவது கேள்வி கேட்கலாம். பணியாளரின் பிழை என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட காரணம், வரிமீனைப்போல. அன்றைக்கு மூடியை மூடுகிற நேரம் இவர் ஒரு தரம் சொன்னது, அவர் திரும்பிப் பார்க்காமல் விட்டது எல்லாம் அவருக்கு ஞாபகம் இல்லை. இவரும் எடுத்துச் சொல்லவில்லை. தட்டச்சு அடித்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதும்படி றஞ்சிதம் அம்மையாருக்கு உத்தரவு போனது. அம்மையார் யேசுரட்ணத்தை ஒரு பார்வை பார்த்தார், பைத்தியமா உங்களுக்கு என்கிற பார்வை.

மூன்றாம் நாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பேராசிரியர் தன் வழக்கப்படி விபரமாக எழுதியிருந்தார். இம்மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்க வேண்டியது என்பதையும், அவ்வழி தடுக்கப்பட்டால் ஒட்சிசன் நிறைந்த நீரிலும் மூச்சுத்திணறி இறக்கும் என்பதையும் நீர் நன்கறிந்திருந்தும், மேலதிகாரிக்கு உரிய முறையில் அறிவிக்காமல் தொட்டியை முற்றாக மூடி நாற்பது உயிர்களின் இறப்புக்குக் காரணமானீர். கீழே கையெழுத்து, முத்திரை, திகதி. ஏழு வருடத்தில் பனையேறியைப் பற்றி அந்த மனிதர் எழுதிய ஒரே சரியான வாக்கியம் அது. ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

சுபாஷினி அதில் ஒரு பிரதி எடுத்தாள். தன் திட்டத்தின் முதல் பக்கத்தில், இரண்டு விரல் இடைவெளி ஏன் வேண்டும் என்பதற்கு ஆதாரமாக இணைத்து, சபைக்கு அனுப்பச் சொல்லிப் பேராசிரியரிடம் கொடுத்தாள். மீனில் குற்றமில்லை, பணியாளரில்தான் குற்றம் என்று விசாரணைத் தலைவரே முத்திரை குத்தியாயிற்று, இனி மீனை மறுக்க வழியில்லை. பேராசிரியர் கொஞ்ச நேரம் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுமதித்தார். மேற்பார்வையாளராகத் தன் பெயரையும் போட்டுக்கொண்டார்.

எவ்லின் மடித்து வைத்திருந்த சேலையைத் தூக்கி அலுமாரியின் அடியில் போட்டாள். நிறுவனத்திலோ யேசண்ணன் பெரிய விளையாட்டு விளையாடிவிட்டார், அந்தப் பிள்ளை சுபாஷினிக்காகத் தன் பேரைக் கொடுத்துப் பேராசிரியரை மடக்கிவிட்டார் என்று கதை பரவியது. அவ்வளவு கெட்டித்தனம் அவருக்கு இல்லை. கோபம் வந்தது, வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் யார் நம்புகிறார்கள்.

புதிய தொட்டியில் இரண்டு விரல் இடைவெளியோடு வேறு நாற்பது மீன் விட்ட அன்று, ஒட்சிசனைப் பாதியாகக் குறைத்தும், கால்வாசியாகக் குறைத்தும், நாற்பதும் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுத் தங்கள் பாட்டுக்குத் திரும்பிப் போயின. சுபாஷினி அளந்து எழுதிக்கொண்டு வந்தவள் இடையில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"அங்கிள், எனக்காக நீங்க உங்க பேரையே குடுத்துட்டீங்க. நா எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

யேசுரட்ணம் பகிடி ஒன்றும் விடவில்லை.

"நன்றி சொல்லாதேங்கோ மிஸ். அந்தக் கடிதத்தில பொய் ஒண்டும் இல்லை. பதினொரு மணியில இருந்து மூண்டு மணி வரைக்கும் அதுகள் முட்டேக்குள்ள நான் பக்கத்தில இருந்தனான். கிளிப் கை எட்டுற தூரத்திலதான் இருந்தது."